முந்திச் செல்லவும்

என் அக்காள் முத்துவடிவின் புருஷன் கைலாசம் அத்தானுக்கு, காசிவிசுவநாதர் சன்னதியில் கண்ணை மூடி நிற்கும்போதும் இஞ்சின் நினைப்புதான் இருந்திருக்கும். தென்காசியில் வயலும் வீடுமாக வசதியாக இருந்தவர். அம்பாசிடர் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். அந்தக் காலத்தில் கார் வாங்குவது பெண் எடுப்பதைவிடக் கஷ்டம். கார் வருவதற்குள் அவருக்கு அதன் ஜாதகமே மனப்பாடமாகிவிட்டது. நாலு சிலிண்டர், ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது சி.சி., தலைக்கு மேலே வால்வு என்று தேவாரம் மாதிரி ஒப்பிப்பார். கேட்கிறவன் தப்பித்தால் அது அவன் முன்னோர் செய்த புண்ணியம்.

ஜவுளிக்கடை ரத்தினம் ஒருமுறை சிங்கப்பூர் சொந்தக்காரர் மூலமாக மோட்டார் பத்திரிகை ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் பெட்ரோல் காருக்கு 'டர்போ' வைத்திருக்கிறார்களாம். வெளியே போகிற புகையைக் கொண்டு ஒரு காற்றாடியைச் சுற்றவிட்டு, அந்தக் காற்றாடி இஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்குமாம். அதே இஞ்சின் இன்னும் எத்தனையோ குதிரைச் சக்தி கூடுதலாகக் கொடுக்குமாம். ரத்தினம் வாயைப் பிளந்தார். அத்தான் உதட்டைப் பிதுக்கினார்.

"மாட்டுக்குச் சாராயத்தை ஊத்தி ஓட்டுத மாதிரில்லா இருக்கு. வேகம் வரும், ஆயுசு வராது. இஞ்சின்னா வழியில கைவிடக் கூடாது, அதுதான் முக்கியம்," என்றார்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஆனிக் கடைசியில் கார் வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும் அத்தான் சட்டங்களைச் சொன்னார். புது இஞ்சினின் உள்சாமான்கள் ஒன்றோடொன்று பழகுகிற வரைக்கும், ஐந்நூறு மைலுக்கு, முப்பது மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. பாரம் ஏற்றக் கூடாது. இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். பின் கண்ணாடியில் தன் கைப்பட எழுதி ஒட்டினார்: 'புது வண்டி. முந்திச் செல்லவும்.'

வண்டியைப் பழக்குவதற்கென்றே அக்காளை உட்காரவைத்துத் தினமும் குற்றாலத்துக்கு ஓட்டினார். நல்ல சீசன். ஊரெல்லாம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்க, இவர் சாரலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஒரு குதிரை ஜட்கா எங்களை முந்திக்கொண்டு போயிற்று. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அக்காளும் சிரித்தாள்.

ஆடியில் ஒருநாள் காலையில், கடையத்தில் எங்கள் அம்மா குழல்வாய்மொழி அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஒரு வாடகைக் காரில் அவளை ஏற்றிக்கொண்டு நான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன். பக்கத்து வீட்டு மளிகைக்கடை பலவேசம் அண்ணாச்சி அக்காளுக்குச் சொல்லத் தென்காசிக்கு பஸ் ஏறினார். வீடு பூட்டிக் கிடக்கவும், விசாரித்துக்கொண்டு குற்றாலத்துக்கே போய்விட்டார். அருவிக்குப் போகும் வழியில் இருவரையும் பிடித்து விஷயத்தைச் சொன்னதும், அக்காள் சாரலில் நனைந்த சேலையோடு காரில் ஏறினாள். அண்ணாச்சியும் பின்கதவில் கை வைத்தார். அத்தான் தயங்கித் தயங்கி, புது இஞ்சினுக்குப் பாரம் ஆகாது, நீங்கள் பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அம்மாவுக்கு நினைவு இருந்தது. வடிவு வந்துவிட்டாளா என்று கேட்டாள். கார் இருக்கிறதே அம்மா, இப்போது வந்துவிடுவாள் என்றேன். ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு டம்ளரில் கொஞ்சம் பால் கொண்டுவந்து வைத்தாள். நான் ஊற்றப் போனேன். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவளுக்கு அந்தப் பாலை மகள் கையால் வாங்க வேண்டும். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பலவேசம் அண்ணாச்சி.

"அக்கா எங்க?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பின்னால வருதாவ. ஆலங்குளத்துல வேப்பமரத்தடியில வண்டி நின்னுது. பஸ்ஸு முந்திட்டு."

அம்மா அதைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கக் கூடாது என்றுதான் இன்றுவரை வேண்டிக்கொள்கிறேன். அவள் கண் வாசல் பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. பிறகுதான் வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இஞ்சின் ஒரு குறையுமில்லாமல் மெதுவாக ஓடி ஓய்ந்தது.

வழியில் நடந்ததை அக்காள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். பாவூர்ச்சத்திரம் தாண்டியதும், கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்று கேட்டாளாம். இதோ போய்விடலாம், வழியில் இஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வாய் என்றாராம். ஆலங்குளத்தில் ஆறவிட்டபோது, பஸ் கண்டக்டர் பின்கண்ணாடியைப் படித்துவிட்டுக் கைகாட்டிச் சிரித்தானாம். பால் ஊற்ற வேண்டிய கையால் மறுநாள் அவள் வாய்க்கரிசி போட்டாள்.

அத்தான் கெட்டவர் இல்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. ஆனால் அம்மாவின் துட்டி வீட்டில் ஒரு மூலையில் அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்தபிறகு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்தப் பயணத்திலும் அவள் வேகமாகப் போங்கள் என்று கேட்டதில்லை. பின்கண்ணாடிக் காகிதத்தை அத்தான் நகத்தால் சுரண்டி எடுத்தார். இஞ்சின் கதையை யாரிடமும் அவர் பேசிக் கேட்டதில்லை.

கார் மட்டும் சொன்னபடி கேட்டது. ஆரியங்காவு ஏற்றமோ அடைமழையோ, ஒருநாளும் வழியில் நின்றதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், பழக்கின பழக்கம் அப்படி என்று அத்தானைப் புகழ்வார்கள். புகழ்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஐந்து வருஷம் கழித்து, திடீரென்று விற்கப் போகிறேன் என்றார். வடகரையிலிருந்து தென்னந்தோப்புச் செல்லப்பா என்ற வாலிபன் வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். அவன் பானெட்டைத் திறந்து பார்த்தான், ஓட்டிப் பார்த்தான், திருப்திதான். இருந்தாலும் கேட்டான், இஞ்சின் எப்பவாவது வழியில கைவிட்டிருக்கா என்று. அத்தான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்த அக்காள்தான் சொன்னாள்.

"அது ஒரு நாளும் கைவிடல தம்பி. போகச் சொல்லியிருந்தா போயிருக்கும்."

செல்லப்பாவுக்கு என்ன புரியும்? இஞ்சினைப் புகழ்கிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அக்காள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தான் சாவியை அவன் கையில் கொடுத்தார். கொடுத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை.

"வேகமா ஓட்டுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எனக்கு அன்னைக்கே தெரியும்."