ஒரு பலகைக் கனம்

மகனுக்குக் காய்ச்சல் விட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்து, புருஷனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் மரப்பெட்டிப் பட்டறைக்கு ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் ராப்பகலாக யோசித்து உருவாக்கிய மடக்குப் பெட்டிகள் முற்றத்தில் குப்பையாகக் கிடந்தன. லாரியிலிருந்து யாரும் அவற்றைக் கையால் இறக்கியதாகத் தெரியவில்லை. காலால் உதைத்துத் தள்ளியிருக்கிறார்கள். பாதிப் பெட்டிகளில் பக்கப் பலகை கீலோடு பிய்ந்து தொங்கியது. ஒன்றில் நசுங்கிய பழத்தின் சாறு காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? வா வா. உன் பெருமையைக் கண் குளிரப் பாரு," என்றான் அண்ணன்.

அண்ணன்தான் பட்டறையை நடத்துகிறவன். வேலையாட்கள் அவனுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மட்டக்கோல். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோணல் இருக்கிறதா என்று பார்ப்பான். சாப்பாட்டுத் தட்டு மேசை விளிம்போடு ஒட்டி நேராக இல்லாவிட்டால் அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கை நனைப்பான். கட்டின பெண்டாட்டி எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று ஊரே வியக்கும்.

"என்ன ஆச்சுண்ணா?"

"என்ன ஆச்சா? பழக்கடை மொத்த வியாபாரி கிடங்குல பெட்டி தூக்குவாரே, பயில்வான்னு கூப்பிடுவாங்களே, அவரு தூக்கும்போது பக்கம் பிச்சுக்கிட்டு மொத்தமும் கால் மேல விழுந்துடுச்சு. ரெண்டு விரல் கூழாப் போச்சு. மனுஷன் படுத்துக் கிடக்கறாரு. 'எவடி இதைச் செஞ்சவ'ன்னு அவரு சம்சாரம் கிடங்கு வாசல்ல நின்னு சாபம் விட்டுச்சாம்."

அவள் கையில் கிடைத்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளும் அதை நம்பித்தான் தொலைத்தாள். எங்கோ கணக்குத் தப்பிவிட்டது, தன் மண்டையில் உதித்த பெட்டி ஒரு மனுஷன் காலை முறித்துவிட்டது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வியாபாரி இப்ப வந்துடுவாரு. இனிமே இந்த மடக்கற வேலையெல்லாம் வேண்டாம், பழையபடி சாதாப் பெட்டியே அடிச்சுத் தர்றோம்னு சொல்லிடப் போறேன். நீ பேசாம ஆணி மேசைக்குப் போ. உனக்கு எது வருமோ அதைச் செய்," என்றான் அண்ணன்.

ஆணி மேசை. அப்பா இருந்தபோது அண்ணனுக்கு ரம்பத்தைக் கொடுத்தார், அவளுக்கு ஆணி டப்பாவைக் கொடுத்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, தலையில் ஒன்றிரண்டு நரையும் எட்டிப் பார்த்த பிறகும் அவள் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு அண்ணன் அறுத்துத் தள்ளிய பலகைகளை அடித்துக்கொண்டே இருந்தாள். இந்த மடக்குப் பெட்டி ஒன்றுதான் அவளை அந்த மேசையிலிருந்து எழுப்பிவிட்டது. இன்றைக்கு வியாபாரி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாகும்வரை ஆணிதான்.

அந்தப் பெட்டி அவளுக்கு எப்படித் தோன்றியது தெரியுமா? பழம் கொண்டுபோன லாரி வெறும் பெட்டிகளை மலை மாதிரி அடுக்கிக்கொண்டு திரும்பி வருவதை வாசலில் நின்று பார்த்தாள். "காத்தை ஏத்திக்கிட்டு வர்றதுக்கு ஒரு லாரி, ஒரு டிரைவர், அதுக்கு டீசல் வேற. நல்லா இருக்குடா உங்க பொழப்பு," என்று சத்தமாகவே சொன்னாள். அன்றைக்கே பிஸ்கட் அட்டையை வெட்டி மடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏற்பாடு ஒன்றும் பெரிய மாயம் இல்லை. அடிப்பலகையைச் சுற்றி நாலு சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் கீல் வைத்து ஒரு பக்கப் பலகை. நிமிர்த்தி மூலையில் கொக்கி போட்டால் பெட்டி. கொக்கியை எடுத்தால் அகலத்துப் பலகைகள் இரண்டும் முதலில் உள்ளே படுக்கும், நீளத்துப் பலகைகள் இரண்டும் அவற்றின் மேல் படுக்கும். அங்கேதான் சூட்சுமம். ஏற்கெனவே ஒருத்தன் படுத்திருக்கும் பாயில் அவன் மேல் இன்னொருத்தனைப் படுக்கப் போட்டால் மேலே இருப்பவன் தரையைத் தொடுவானா? அதனால் நீளத்துச் சட்டங்கள் இரண்டும் மற்றதைவிட ஒரு பலகைக் கனம் உயரமாக இருக்க வேண்டும். அந்த ஒரு பலகைக் கனத்தைக் கண்டுபிடிக்க அவள் எத்தனை அட்டையைக் கிழித்துப் போட்டாள் என்பது அவளுக்கும் துடைப்பத்துக்கும்தான் தெரியும்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, பிய்ந்து கிடந்த ஒரு பெட்டியைப் புரட்டினாள். பழக்க தோஷத்தில் விரல் மூலைக்குப் போனது. இரண்டு சட்டம் சேரும் இடத்தில் விரலில் ஒரு படி இடற வேண்டும். இடறவில்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்த பெட்டியைப் புரட்டினாள். அதிலும் படி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நாலு சட்டமும் ஒரே உயரம்.

கண்ணில் முட்டிய தண்ணீர் அப்படியே வற்றிப்போயிற்று.

"அண்ணா, இதை யாரு அறுத்தது?"

"நான்தான். வேற யாரு?"

"நான் கட்டையிலேயே சாக்பீஸ்ல குறிச்சு வெச்சிருந்தேனே. ரெண்டு ஒசரம், ரெண்டு கம்மின்னு."

அண்ணன் சிரித்தான். பாவி, சிரித்தான். "பார்த்தேன், பார்த்தேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத பதட்டத்துல நீ தப்பாக் குறிச்சிட்டன்னு நானே சரி பண்ணிட்டேன். மானம் போயிருக்கும் தெரியுமா? பெட்டின்னா நாலு பக்கமும் ஒண்ணா நிக்கணும். அப்பா குச்சி எதுக்கு இருக்கு?"

வாசல் நிலையில் ஓர் ஆணியில் தொங்கியது அப்பா குச்சி. கை பட்டுப் பட்டுக் கறுத்த தேக்குக் குச்சி. இந்தப் பட்டறையில் சட்டம் அறுக்கிற எவனும் அதை வைத்துத்தான் அளக்க வேண்டும், எல்லாச் சட்டமும் அந்த உயரம்தான் இருக்க வேண்டும். சாதாப் பெட்டிக்கு அது சரிதான், யார் இல்லை என்றது? ஆனால் மடங்குகிற பெட்டிக்கு அதையே வைத்து அளந்தால் மேல் பலகை எப்படிப் படுக்கும்? படுக்காத பலகையைக் கிடங்கில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? காலால் மிதிப்பார்கள். மிதித்தால் கீல் ஆணி தளரும். தளர்ந்த கீலோடு நிமிர்த்திப் பழத்தை நிரப்பித் தூக்கினால் பயில்வான் கால் போகாமல் என்ன செய்யும்?

இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் அண்ணனிடம் கத்தித் தீர்த்தாள். ரம்பத்தடியில் இருந்த வேலையாட்கள் மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

"கீல் மட்டமான கீல். அதான் பிச்சுக்கிச்சு. நீ உன் தப்பை என் தலையில கட்டாத," என்றான் அண்ணன்.

"ஒரு வார்த்தை எனக்கு போன் பண்ணிக் கேட்டியா? கை இல்லையா, வாய் இல்லையா?"

"உன்கிட்ட கேட்டுட்டுத்தான் நான் ரம்பத்தைத் தொடணுமா?"

அதற்குள் வியாபாரி வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல், முற்றத்தில் கிடந்த பெட்டிகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அண்ணன் குரல் குழைந்தது.

"வாங்க வாங்க. உங்க முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு. என் தங்கச்சி போட்ட திட்டம் இது. ஆசைப்பட்டாளேன்னு விட்டுட்டேன். என்ன இருந்தாலும் அனுபவம் இல்ல பாருங்க."

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கூடப் பிறந்தவன். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். கொஞ்சமும் வாய் கூசாமல் சொல்கிறான்.

"பொய். நான் சொன்னபடி இதைச் செய்யவே இல்ல," என்றாள்.

"யாரு தப்புங்கறது எனக்கு எதுக்கும்மா?" என்றார் வியாபாரி. "அது உங்க வீட்டுப் பஞ்சாயத்து. மடங்கும்னாரு உங்கண்ணன், மடங்கல. என் ஆளு நடக்க முடியாமக் கிடக்கறான். இன்னமும் மடங்கும்னு நீ சொன்னா, வாயால சொல்லாத. மடக்கிக் காட்டு."

எதை மடக்கிக் காட்டுவது? முதன்முதலில் அவளே உட்கார்ந்து செய்த மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது. அதை வியாபாரியிடம் அவள் காட்ட வேண்டும் என்றபோது, "நீ எதுக்கு, நான் பேசிக்கறேன்" என்று அவள் வரைந்த தாளை மட்டும் அண்ணன் வாங்கிக்கொண்டு போனான்.

"அந்த மாதிரிப் பெட்டி எங்க?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"அது எதுக்கு இப்ப? எடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. கழிவுக் கட்டையோட தூக்கிப் போடச் சொல்லி உங்கண்ணிகிட்ட அப்பவே கொடுத்தாச்சு."

வியாபாரி தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் பின்கட்டு வீட்டிலிருந்து, தேநீர்த் தட்டோடு அண்ணி வந்தாள். தட்டை ரம்ப மேசையில் வைத்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. நாத்தனார் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவள் கக்கத்தில் பலகைக் கட்டு மாதிரி ஒன்று இருந்தது. அதன் இடுக்கில் துணி காயப்போடும் கிளிப் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

"இதைத்தானே தேடறீங்க? நான் எங்க தூக்கிப் போட்டேன்? மாடியில துணி காயப்போட இதுலதான் தினமும் எடுத்துட்டுப் போறேன். வேலை முடிஞ்சா மடக்கிக் கதவுக்குப் பின்னால சொருகிடுவேன்."

"வீட்லயா இருக்கு? நான் பார்த்ததே இல்லையே!" என்றான் அண்ணன்.

"வீட்ல உங்க தட்டு நேரா இருக்கான்னு பார்க்கவே உங்களுக்கு நேரம் பத்தல. கதவுக்குப் பின்னால எங்க பார்க்கப் போறீங்க?"

ரம்பத்தடியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அண்ணி பெட்டியைத் தரையில் வைத்துப் பக்கங்களை நிமிர்த்தினாள், கொக்கியை மாட்டினாள். வியாபாரி ஒரு காலை உள்ளே வைத்தார், பிறகு மறு காலையும் வைத்து முழுசாக ஏறி நின்றார். பக்கங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. இறங்கி அவரே கொக்கியை எடுத்து மடக்கினார். அகலத்துப் பலகைகள் படுத்தன. அவற்றின் மேல் நீளத்துப் பலகைகள் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டன. அவர் உள்ளங்கையால் மேலே தடவினார். எங்கும் தூக்கி நிற்கவில்லை.

"இதைத்தானேம்மா நான் கேட்டேன்! இது எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கறேன்," என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. சரி, இப்போதாவது அண்ணன் வாயைத் திறந்து, நான்தான் மாற்றி அறுத்துவிட்டேன் என்று சொல்லிவிட மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? ஆணியிலிருந்து அப்பா குச்சியை எடுத்துக்கொண்டு வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சட்டமாக அளந்தான். முகம் மலர்ந்து எழுந்தான்.

"அருமையாத்தான் வந்திருக்கு. இந்த அகலத்துச் சட்டம் ரெண்டு மட்டும் ஒரு பலகைக் கனம் இறங்கியிருக்கு. பரவாயில்ல, அடுத்து செய்யும்போது நான் சரி பண்ணிடறேன்."

வியாபாரியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

அவள் கத்தவில்லை. கத்துகிற கட்டம் தாண்டிவிட்டது. நேராகப் போய் அண்ணன் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினாள். ரம்ப மேசையில் தேநீர்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, குச்சியின் நுனியில் பலகை ஒன்றை ஒட்டிப் பிடித்து, அதன் கனத்துக்கு நகத்தால் கீறினாள். மிஷினைப் போட்டாள்.

"ஏய்! அப்பா குச்சிடீ அது!" அண்ணன் குரல் உடைந்தது.

"தெரியும். எனக்கும் அவர்தான் அப்பா."

ரம்பம் ஒரு கீச்சலோடு நுனியை அறுத்துப் போட்டது. மேலே கறுப்பு, அறுத்த இடத்தில் புது மரமாக மஞ்சள். கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. அதை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள்.

"இனிமே அகலத்துச் சட்டத்துக்கு இந்தக் குச்சி. நீளத்துச் சட்டத்துக்குக் குச்சியோட அந்தத் துண்டையும் சேர்த்து வெச்சு அளக்கணும். புரிஞ்சுதா? இவ்வளவுதான் அந்த ஒரு பலகைக் கனம். இது இல்லாமத்தான் பயில்வான் விரல் போச்சு. அவரு வீட்டுக்குப் போய், அந்தம்மா முன்னால இதைக் காட்டி, மாத்தி அறுத்தவன் நான்தான்னு நீயே உன் வாயால சொல்லிட்டு வா. அந்தச் சாபம் எனக்கு வேண்டாம். நீ வர்ற வரைக்கும் இந்த ரம்பம் என்கிட்ட இருக்கும்."

அண்ணன் வியாபாரியைப் பார்த்தான். அவர் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பயில்வான் வீடு கிடங்குக்குப் பின் தெருதான். நான் வழி காட்டறேன்," என்றார். வேலையாட்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பெண்டாட்டியைத் தேடினான். அவள் ஏற்கெனவே உள்ளே போய், கொடியில் கிடந்த அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஒரு கையை மூடியபடியே சட்டையைப் போட்டுக்கொண்டான். பித்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டதால் ஒரு பக்கம் இறங்கி நின்றது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.