பனிக்குச் சத்தம் உண்டா

என் சர்டிபிகேட்டில், பள்ளிகளைச் சோதிக்க வரும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை கையெழுத்துப் போட்டால்தான் பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் சொந்த ஊரான திசையன்விளைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அப்பா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். அந்த ஆளை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும். 1911-ஆம் வருஷம் அது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்தக் கையெழுத்து விஷயம் தெரியும்.

ஆறு மாதமாக என் வகுப்பில் ஒரு சட்டம்: பாடம் முடிந்ததும் யாராவது இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தப்பாகக் கேட்டாலும் சிரிக்கக் கூடாது. முதலில் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்தார்கள். பிறகு என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கடைசி பெஞ்சு அன்னத்தாய் மட்டும் வாயே திறக்கவில்லை.

துரை வருவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியை ஹெப்சிபா அம்மாள் கூப்பிட்டார்.

“ஏளா சாலோமி, துரை முன்னால பிள்ளைக கேள்வி கீள்வி கேட்டுச்சுன்னா திமிருன்னு நெனச்சிருவாரு. பதில மட்டும் சொல்லச் சொல்லு.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பயந்துவிட்டேன். துரை முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக என்னென்ன கேட்பார் என்பது எல்லாப் பள்ளிக்கும் அத்துப்படி. அந்த வரிசையிலேயே ஆளுக்கொரு பதிலை உருப்போட வைத்தேன். கேள்வி கேட்கவே கூடாது என்றும் சொல்லிவைத்தேன். அன்னத்தாய்க்குப் பதில் எதுவும் கொடுக்கவில்லை. அவள் எங்கே பேசப் போகிறாள்?

துரை வந்தார். சீமையில் வானத்திலிருந்து பனி கொட்டுவதைப் பற்றிய பாடம். பிள்ளைகள் மணிமணியாகப் பதில் சொன்னார்கள். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். “கேட்க ஏதாவது உண்டா?” என்று ஒப்புக்குக் கேட்டார்.

அன்னத்தாய் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். ஹெப்சிபா அம்மாளும் என்னைப் பார்த்தார். எனக்கு உட்கார் என்று சொல்ல மனசு வரவில்லை. கேள் என்று தலையை ஆட்டினேன்.

“ஐயா, பனி விழும்போது சத்தம் கேட்குமா?” என்றாள், இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக.

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கேட்காது, மற்ற சத்தங்கள்கூட அடங்கிப்போகும் என்றார். சின்ன வயசில் காலையில் கண் விழித்ததும், அந்த அமைதியை வைத்தே வெளியே பனி கொட்டியிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாராம். பங்குனி வெயில் கூரை ஓடுகளைப் பிளந்துகொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகளும் மூச்சு விடாமல் அந்த அமைதியைக் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆறு மாதம் தொண்டை வறளக் கத்திய பாடத்துக்குள் இப்படி ஒன்று இருந்தது எனக்கே தெரியாது.

துரை ஏதோ யோசனையிலேயே எழுந்து போய் வண்டியில் ஏறிவிட்டார். சர்டிபிகேட் மேசைமேல் வெறுமனே கிடந்தது. கூப்பிட்டுக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் லட்சணம் அது!

அன்னத்தாய் தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். வண்டி மாட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, எங்கள் டீச்சருக்கு ஏன் கையெழுத்துப் போடவில்லை?”

துரை வண்டியை விட்டு இறங்கினார்.