பார்க்காமல் போட்ட சரி

விடியும் முன்பே அந்தக் கூடத்தில் கண்கள் எரியத் தொடங்கிவிடும். ஜன்னல் இல்லாத அறை, வரிசையாகத் திரைகள், சூடேறிய வயர் வாடை. படத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகும் இயந்திரத்துக்குச் சரி, தப்பு போடுவதுதான் அங்கே வேலை. கண்ணாடிக்காரி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தாள்.

சரக்குக் கிடங்கு. பளு தூக்கும் வண்டி. "பாதையில் ஆள் இல்லை" என்றது இயந்திரம். உண்மைதான். ஆனால் அது சொன்ன காரணம்: "விளக்கு பச்சை." தரையை அது பார்க்கவே இல்லை. அவள் தப்பு போட்டாள்.

முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"பதில் சரியாத்தானே இருக்கு? எதுக்கும்மா தப்பு போட்டே?"

"குருட்டாம்போக்குல சொல்லியிருக்குங்க. நாளைக்கு விளக்கும் பச்சையா இருந்து ஆளும் நின்னா?"

"உன்னை யாரு காரணத்தைப் படிக்கச் சொன்னா? பதிலைப் பாரு, தட்டு, போய்க்கிட்டே இரு. வேகம் குறைஞ்சா கூலியும் குறையும்."

அவள் தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். இயந்திரம் தேறிவிட்டதாகச் சொல்லிக் கிடங்கு கிடங்காக அனுப்பினார்கள். அவள் தம்பி மூட்டை அடுக்கும் கிடங்குக்கும் அது போனது.

ஒருநாள் தம்பி பெண்டாட்டி போனில் அலறினாள். "அண்ணி, அவரு கால்மேல வண்டி ஏறிடுச்சு! குனிஞ்சு மூட்டை எடுத்துட்டிருந்தாராம். கேமரா மெஷின் ஆளே இல்லன்னு சொல்லிடுச்சாம்!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. "அக்கா, நீங்க பழக்கின மெஷினா அது?" என்றான் தம்பி. அவள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

மறுநாள் கூடத்தில் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பக்கத்து இருக்கைக்காரி, நிறைமாத வயிற்றோடு எழுந்து வந்தாள்.

"உன் கை மட்டுமா தட்டுச்சு? அழாதே. என் வீட்டுக்காரரும் கிடங்குலதான் இருக்காரு, இந்த நிமிஷம்."

ஒவ்வொருவராக விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள். தட்டும் சத்தம் அடங்கியதும் முதலாளி ஓடிவந்தார்.

"என்ன இது? வெளிய ஆள் வரிசையில நிக்குது, தெரியுமில்ல?"

"நிக்கட்டும்," என்றாள் கண்ணாடிக்காரி. "காரணத்தையும் பார்த்துத்தான் சரி போடுவோம். அதுக்கு நேரம் வேணும். பார்க்காம தட்டினதை எல்லாம் திரும்பப் பார்க்கணும். அதுவரைக்கும் கிடங்குல மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தறதா? முதல்ல உங்களை நிறுத்தறேன்."

மின்சாரத்தை அணைத்துவிட்டு வெளியே போனார். கதவு பூட்டும் சத்தம் கேட்டது. இருட்டில் யாரோ விம்மினார்கள். எங்கெங்கோ கிடங்குகளில் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஒருவரும் கதவருகே போகவில்லை. நாற்காலிகளை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்போது, மாடியிலும் மின்சாரம் போனதால், அங்கே இதே வேலை செய்கிறவர்கள் படியிறங்கி வரும் காலடி கேட்டது. கதவை வெளியிலிருந்து தட்டினார்கள்.

"உள்ள யாரு? என்னாச்சு?"

"நாங்கதான்," என்று எழுந்தாள் அவள். "பூட்டை உடைச்சுட்டு வாங்க. சொல்றோம்."