கொறடு

பட்டறைக் குழாயடியில் தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்த வேம்புவிடம் அன்னக்கிளி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மேஸ்திரி கொறடு கொறடுன்னு கத்துறாருக்கா. சீக்கிரம் வா."

வேம்பு நிமிரவில்லை. கத்தட்டும் என்று நினைத்தாள். தட்டாஞ்சாவடியில் இந்தக் கதவுக் கீல் பட்டறைக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. போன வருஷம் பிரஸ் மெஷின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். கட்டுப் பிரித்துத் திரும்பிய அன்று, அந்த இரண்டு விரலால் அவள் தகடு எடுப்பதைப் பார்த்து மேஸ்திரி சக்கரபாணி, "நமக்கு இன்னொரு கொறடு கெடச்சிடுச்சிப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அன்றோடு முடிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு வந்து பட்டறை வைத்த முதலாளிகூட, "கொறடு வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்.

கொறடு ஆணியைப் பிடுங்கும், கம்பியை முறுக்கும், பழுக்கக் காய்ந்த இரும்பைப் பிடிக்கும். வேலை முடிந்ததும் தூக்கிப் பெட்டியில் எறிவார்கள். அப்படிக் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் திரும்பக்கூடாது என்றிருப்பாள் வேம்பு. ஆனாலும் திரும்பிப் பார்த்துவிடுவாள். அப்படித் திரும்பிவிடுகிற தன் கழுத்தின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகம்.

இன்றைக்கு வேண்டுமென்றே சட்டிக்கு இன்னொரு தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக நடந்தாள்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. புதிதாகச் சேர்ந்த சின்னக்கண்ணு பிரஸ்ஸின் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தாள். பாதி இறங்கிய அச்சுக்கு அடியில் வளைந்துபோன தகடு அவள் விரல்களைக் கவ்வியிருந்தது. அச்சு இன்னும் இறங்கிவிடாமல் பிரஸ்ஸின் சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான் சக்கரபாணி. அவன் பார்வை வேம்புவின் வெறுங்கையில் விழுந்தது.

"கொறடு எங்கடி?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாய்ந்து பெட்டியைக் கவிழ்த்தாள். குறடு கிடைத்தது. இடது கையால் இறுக்கி, வலது கையின் இரண்டு விரலையும் கொடுத்து இழுத்ததில் தகடு நெளிந்து வெளியே வந்தது. விரல்களும் வந்தன. நடுவிரலின் நுனி நசுங்கிக் கறுத்திருந்தது.

"கொறடுன்னா எடுத்தாரத் தெரியாதா?" சக்கரபாணி அன்னக்கிளியிடம் சீறினான்.

"நீங்க இவங்களத்தான எப்பவும் அப்பிடிக் கூப்புடுவீங்க" என்றாள் அவள், அழுகையோடு.

தான் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் வேம்புவுக்கு நினைவு வந்தது. குறட்டை சக்கரபாணியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நல்லா பாத்துக்க. இதுதான் கொறடு. என் பேரு வேம்பு. மெஷினுக்கு மூடி போடுங்கன்னு எத்தினி தரம் கேட்டோம்? வேல ஓடலன்னு கழட்டி வெச்சவன் நீ. என் கைய தின்னது பத்தல ஒனக்கு."

அவள் அவனை நீ என்றது அதுதான் முதல் தடவை. சக்கரபாணி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவன் சட்டையெல்லாம் கிரீஸ்.

"வேலைய போட்டுட்டுப் போனா திரும்பி வராத" என்றான், அவளைப் பார்க்காமல்.

வேம்பு மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். சின்னக்கண்ணுவின் கையைத் துண்டில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். ரோட்டில் போன சைக்கிள் ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தினாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போ."

கொஞ்ச தூரம் போனதும் சின்னக்கண்ணு மெல்லக் கேட்டாள். "எனக்கும் ஏதாச்சும் பேரு வெச்சிடுவாங்களாக்கா?"

வேம்பு அவள் கையில் சுற்றியிருந்த துண்டை இறுக்கினாள். முன்னால் ஒரு மணல் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ரிக்‌ஷாக்காரர் மணியடித்துப் பார்த்தார். அது ஒதுங்குவதாக இல்லை. வேம்பு ஓடும் ரிக்‌ஷாவிலேயே எழுந்து நின்றாள். புடவை காற்றில் படபடக்க, லாரியின் முதுகைப் பார்த்து, வழி விடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனாள்.