மணையில் உட்கார்ந்த தாய்மாமன்

வேடியப்பனை வைரஸ் காய்ச்சல் படுக்கையில் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். விட்டுப் போகும்போது அது செய்த காரியம்தான் அநியாயம். தனியாகப் போகாமல் அவருடைய இரண்டு தொடைகளையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. ஐசியுவிலும் வார்டிலுமாக மல்லாந்து கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து வேட்டி கட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பது தன் கால்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. வயது நாற்பத்தெட்டுதான். வேங்கிக்காலில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். பெரிய பெரிய அண்டாவை எல்லாம் ஒத்தை ஆளாகத் தூக்கி வண்டியில் வைப்பார் என்று சமையல்காரர்கள் மத்தியில் பெயர். அந்த மனுஷனுக்கு இப்போது குளிக்கிற சொம்பே கனத்தது.

"படுத்தே கெடந்தா சதை கரைஞ்சிடும் சார். தெனமும் பயிற்சி பண்ணுங்க, திரும்பி வந்துடும்" என்று பிசியோதெரபி பெண் கவியா சொல்லியிருந்தாள். அதில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அவரால் பொறுக்க முடியாதது வேறு. கைகள்! கட்டிலைவிட்டு எழுந்தால் அக்குளில் ஒரு கை, வாசற்படி இறங்கினால் இடுப்பில் ஒரு கை. மனைவி சரசு பிடித்தாள், அவள் தம்பி இளவரசன் பிடித்தான், ஒரு நாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் சிலிண்டரை இறக்கி வைத்த கையோடு இவரையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். அன்றைக்கு வேடியப்பன் சோறு தின்னவில்லை.

கடையை இளவரசன் பார்த்துக்கொண்டிருந்தான். "நானே போறேன்" என்று இவர் தினமும் காலையில் ஆரம்பிக்க, சரசு ஒரு நாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"உங்க தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து வருதில்ல? அங்க யார் கையும் படாம உக்காந்து ஏந்திரிங்க. மறுநாளே கடைக்குப் போங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். முடியலன்னா பொங்கல் வரைக்கும் எந்தம்பிதான் கடையில இருப்பான்."

காதுகுத்தில் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடியை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் வேடியப்பனுக்கு இல்லை. சரி என்றார். அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து பழகினார். நாளாக ஆக நன்றாகவே வந்தது. மண்டபத்தில் கட்டில் இருக்காது என்பதை மட்டும் மனுஷன் யோசிக்கவில்லை.

காதுகுத்து அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய சின்ன மண்டபத்தில் நடந்தது. தங்கை தேவிப்ரியாவின் கணவன் புகழேந்தி கீழ்பென்னாத்தூர்க்காரர். சொந்தமாக வேன் ஓட்டுகிறவர். மனுஷன் பயந்த சுபாவம், யாரைப் பார்த்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். வேடியப்பன் சீர்த்தட்டு வரிசையோடு வந்து, பட்டு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மணைப்பலகையில் உட்காரப் போனார். பாதி தூரம் அவர் உட்கார்ந்தார், மீதி தூரம் பூமி இழுத்துக்கொண்டது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை இனியாவை மடியில் வைத்தார்கள். ஆசாரி இரண்டு காதையும் குத்தினார். இனியா மண்டபம் அதிரக் கத்தினாள். தேவிப்ரியா அவளை வாரிக்கொண்டு போனாள். எல்லாம் முறையாக முடிந்தது, மாமன் எழ வேண்டியதுதான் பாக்கி.

வேடியப்பன் தரையில் கையை ஊன்றி உந்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி உந்தினார். இடுப்புக்கு மேலே ஆள் தயாராக இருந்தார், இடுப்புக்குக் கீழே யாருமே இல்லை. சுற்றிலும் பார்த்தார். பிடிக்க ஒரு தூண்கூடப் பக்கத்தில் இல்லை.

கவியா இதற்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். குப்புறத் திரும்பி, கையையும் முட்டியையும் ஊன்றி, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். ஆனால் நேர் எதிரே புகழேந்தி கைகட்டிக்கொண்டு நின்றார். இப்போது குப்புறத் திரும்பினால் மாப்பிள்ளை காலில் விழுகிற மாதிரியே இருக்கும். சீர் கொண்டு வந்த தாய்மாமன் தங்கை புருஷன் காலில் விழுந்தான் என்ற செய்தி, பந்தி முடிவதற்குள் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்துவிடும். மானம் போகிற வேலை.

"மச்சான், ஏந்திரிங்க. டிபன் ரெடியா இருக்குது" என்றார் புகழேந்தி.

"நீ போ மாப்ள. இங்க காத்து நல்லா வருது."

ஃபேன் ஓடவில்லை. புகழேந்தி மேலே பார்த்தார், வேடியப்பனைப் பார்த்தார், முகம் வெளிறிப் போய்த் தன் சித்தப்பா சடையனிடம் ஓடினார். சடையனுக்கு இந்த மாதிரி நேரங்கள்தான் சாப்பாடு. எந்த விசேஷத்திலும் ஒரு தகராறு கிளம்பாதா, நாம் தீர்த்து வைக்க மாட்டோமா என்று காத்திருக்கிற ஆசாமி. தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"டேய், மாமன் மணைய விட்டு எழலன்னா இன்னா அர்த்தம்? மொறையில ஏதோ கொறை வெச்சுட்டீங்க. வேடியப்பா, வாயத் தொறந்து சொல்லு. இன்னா கொறை?"

"ஒரு கொறையும் இல்லைங்க. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்கறான். கோவம் ஜாஸ்தி" என்றார் சடையன், பரம திருப்தியோடு.

பந்திக்குப் போனவர்கள் பாதி இட்லியோடு திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். முதலில் மாலை பத்தவில்லை என்று இன்னொரு மாலை போட்டார்கள். எழவில்லை. வாசலில் வைத்த பேனரில் பெரியப்பா படம் பெரிதாகவும் தாய்மாமன் படம் தபால்தலை அளவிலும் இருந்ததை யாரோ நினைவுபடுத்தினார்கள். உடனே இரண்டு பேர் போய்ப் பேனரையே அவிழ்த்துவிட்டு வந்தார்கள். அப்போதும் எழவில்லை. வேடியப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆத்திரத்தில் வியர்க்கிறது என்றார் சடையன்.

பெண்கள் பக்கத்திலிருந்து சரசு பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்தவர்களில் விஷயம் புரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் இரண்டு அடி முன்னால் வைத்ததும், வேடியப்பன் வராதே என்று ஒரு பார்வை பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் புகழேந்தி தாங்க முடியாமல் உடைந்துவிட்டார்.

"மச்சான், எனக்குத் தெரியும். பாத்திரத்த உங்க கடையில எடுக்காம வேற கடையில எடுத்தோமே, அதுக்குத்தானே?"

வேடியப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இன்னாது?"

"உங்களுக்கு ஒடம்பு முடியல, எதுக்குத் தொந்தரவுன்னுதான்..."

அதுவரைக்கும் இல்லாத கோபம் அப்போதுதான் அவருக்கு உண்மையாக வந்தது. தன் கடை இருக்கும்போது, தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு, எவனோ ஒருத்தன் அண்டாவில் சாம்பார்! முடியாதவன் என்று முடிவே கட்டிவிட்டார்களா? விருட்டென்று எழுந்து துண்டை உதறிக்கொண்டு வெளியே போகிற அளவுக்குக் கோபம். எழத்தான் வழியில்லை. உட்கார்ந்தபடியே பல்லைக் கடித்தார்.

"ஆங், இதான் விஷயம்! மூஞ்சியப் பாருங்க!" என்று சடையன் துள்ளினார். "புகழேந்தி, வேற வழியில்ல. மாமன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு. தப்பில்ல, விழு."

புகழேந்தி சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தேவிப்ரியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. வேடியப்பன் அதைப் பார்த்தார். தன் பெண் காதுகுத்தில், ஊர் கூடிய இடத்தில், தன் புருஷன் தன் அண்ணன் காலில் விழுந்ததை அவள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"மாப்ள, விழாத! நில்லு!" என்று கத்தினார். "கோவமும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்கு ஏந்திரிக்க முடியல. கால்ல சதை இல்ல. அவ்ளோதான், போதுமா?"

சடையன் முகத்தில், நல்ல பஞ்சாயத்து ஒன்று கைநழுவிப் போன வருத்தம். அடுத்த நொடி எட்டுத் திசையிலிருந்தும் கைகள் பாய்ந்தன. "பிடி, பிடி, அந்தப் பக்கம் பிடி!"

"தொடாதீங்க! ஒருத்தன் கையும் மேல படக் கூடாது!" வேடியப்பன் போட்ட சத்தத்தில் அத்தனை கையும் அப்படியே நின்றது. "ஒரு சேர் கொண்டாந்து போடுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க. மாப்ள, நீ ரொம்பத் தள்ளி நில்லு."

நாற்காலி வந்தது. வேடியப்பன் இரண்டு மாலையையும் கழற்றி வைத்தார். பக்கவாட்டில் சாய்ந்து, குப்புறத் திரும்பி, பட்டு வேட்டியோடு கையையும் முட்டியையும் ஊன்றி நின்றார். இனியா அழுகையை நிறுத்திவிட்டு, "ஆனை! மாமா ஆனை!" என்று இடுப்பிலிருந்து குதிக்கப் பார்த்தாள். கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. வேடியப்பனுக்கும் சிரிப்பு வந்து, கை நடுங்கி, மூக்கு தரையில் இடிக்கப் பார்த்தது. "சிரிக்க வெக்காதீங்கய்யா" என்று கெஞ்சினார். இரண்டு அடி தவழ்ந்து நாற்காலியைப் பிடித்தார். ஒரு பாதத்தை ஊன்றினார். தொடை வெடவெடவென்று உதறியது. சரசுவின் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு உந்து. நின்றுவிட்டார்.

யாரோ கைதட்டினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நின்றுகொண்டு கோபப்படுவதில் இருக்கிற சுகமே தனி. அதை முதலில் அனுபவித்தார்.

"எனக்குத்தான்யா முடியல, என் கடைக்கு இன்னா கேடு? எவன் பாத்திரம்யா அது? அடி புடிக்காம சாம்பார் வருமா அதுல?"

"தப்புதான் மச்சான், தப்புதான்" என்றார் புகழேந்தி. இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரசு பக்கத்தில் வந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சேரைப் புடிச்சேனே. கணக்குல சேருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மனுஷங்க கைதான் ஆவாதுன்னேன். நாளைக்குக் காலையில கடையத் தொறங்க. அண்டாவத் தொட்டீங்க, அப்புறம் இருக்குது."

அந்த நேரம் பார்த்துப் போட்டோகாரர் கேமராவைத் தட்டிக்கொண்டே வந்தார். பந்தியில் இருந்தவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "சார், கோச்சுக்காதீங்க. காது குத்தறப்ப எடுத்ததுல பாப்பா மொட்டை மட்டும்தான் விழுந்திருக்குது, உங்க மூஞ்சி விழல. மடியில வெச்சு மறுபடி ஒருவாட்டி உக்காந்தீங்கன்னா..."

"யோவ், உனக்கு நேரங்காலமே தெரியாதா?" என்று சடையன் அடிக்கப் போனார். புகழேந்தி நடுவில் புகுந்தார். சரசு, "போட்டோவே வேணாம், போங்க" என்றாள்.

வேடியப்பன் யாரையும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் கையால் தரதரவென்று இழுத்து மணைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பிடித்தபடி மெல்ல இறங்கி உட்கார்ந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, இனியாவுக்காகக் கையை நீட்டினார்.

"நிதானமா எடுங்க" என்றார் போட்டோகாரரிடம். "எனக்கு அவசரமே இல்ல."