கிழக்குக் கடலில் ஒரு அஸ்தமனம்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் ஊரப்பாக்கம் சாமுக்கு நிகர் சாம்தான். சபை காலண்டர் கமிட்டியில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. வருகிற வருஷம் அட்டைப்படமாக என்ன போடலாம் என்று செயலாளர் ஆபிரகாம் பொதுவாகத்தான் கேட்டார். சாம் பாதி சமோசாவோடு எழுந்து, மாமல்லபுரம் கடலில் சூரியன் மறைகிற காட்சியைத் தன் மனைவி ஜெசிந்தா படம் பிடித்துத் தருவாள், அதைப் பார்த்தால் பக்கத்துச் சபைக்காரன் வயிறெரிந்துபோவான் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஆபிரகாம் சுடச்சுடத் தீர்மானமும் போட்டுவிட்டார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பிறந்தது முதல் இந்தக் கரையோரம் வாழ்கிறவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஜெசிந்தா செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னபோது சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஞாயிறு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் இருவருக்கும் நடுவே நீ, வா, போதான்.

"நம்ம கடலு எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டாள்.

"கெயக்கால."

"சூரியன் எந்தப் பக்கம் மறையுது?"

சாம் மேற்கே கையை நீட்டினான். கை போன திசையைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டான்.

ஜெசிந்தாவின் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷக் காலண்டரில் பிப்ரவரி மாதத்துக்கு அவள் எடுத்த கொளவாய் ஏரிப் படத்தைப் போட்டார்கள். நட்டநடுவில் சூரியன் வெள்ளை ஓட்டையாக இருந்தது, ஏரியும் கரையும் கரிச்சட்டியாக இருந்தன, கீழே தெளிவாக அவள் பெயர் இருந்தது. சபை மக்கள் நல்லவர்கள், முகத்துக்கு எதிரே சிரிக்கவில்லை. ஆனால் சாமின் அண்ணன் வீட்டிலேயே ஜனவரி முடிந்ததும் நேராக மார்ச்சைத் திருப்பி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் பாடம் படிக்கத் தொடங்கினாள். கேமரா தானாகக் கணக்குப் போடும் வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் வானத்தின் நிறம் தங்கும் என்று கற்றுக்கொண்டாள். சூரியனை நடுவில் உட்கார வைக்காமல் ஓரமாகத் தள்ளினாள். முன்னால் ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று தெரிந்ததும் சாமைப் பிடித்து நிறுத்தினாள். சனிக்கிழமைதோறும் ஏரிக்கரைகளில் அவன் கம்பமாக நின்று கொசுக்கடி வாங்கினான். ஒரு வருஷ உழைப்பில் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் அருமையான படம் ஒன்று அமைந்தது. அட்டையில் அதுவும் அதன் கீழே தன் பெயரும் வர வேண்டும், சிரித்த வாய்கள் மூட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அதைத்தான் சாமின் சமோசா கெடுத்தது. முட்டுக்காட்டுப் படத்தைக் காட்டியபோது ஆபிரகாம் உதட்டைப் பிதுக்கினார். தீர்மானத்தில் கடல் என்று இருக்கிறது, கடல் கிடைக்காவிட்டால் அச்சகத்தில் இருக்கிற சுவிட்சர்லாந்து மலையையே போட்டுவிடலாம் என்றார். ஊரில் பாதிக் காலண்டர்களில் அந்த மலைதான் தொங்குகிறது.

விடியற்காலை உதயத்தை எடுத்து அஸ்தமனம் என்று கொடுத்துவிடலாமே, எவனுக்குத் தெரியப்போகிறது என்று சாம் யோசனை சொன்னான். "சபை காலண்டர்ல பொய்யி போடச் சொல்றியா?" என்றாள் ஜெசிந்தா. அதோடு பேச்சு நின்றுபோனது. டிபன் பாக்ஸ் மேஜைக்கு வந்தது, வார்த்தை வரவில்லை. ஓயாமல் பேசுகிற மனுஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சாம் உண்மையிலேயே வாடிப்போனான்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் மாமல்லபுரம் கடற்கரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு ஃபைபர் படகு கரை நோக்கி வந்தது. படகில் நின்றவன் கண் கூசி, நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். சாம் துள்ளி எழுந்தான்.

"ஜெசி, நாம கரையில நின்னுகினு கடலப் பாக்குறோம். கடல்ல நின்னுகினு கரையப் பாத்தா?"

ஜெசிந்தா படகைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "ஒனக்குத் தண்ணி ஒத்துக்காதே," என்றாள். முட்டுக்காட்டில் மிதிபடகில் ஏறியே மயங்கி விழுந்தவன் அவன். ஆனாலும் அவள் பேசிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் அந்தமான் வரைக்கும் நீந்தியிருப்பான்.

அடுத்த சனிக்கிழமை கோவளத்தில் தாவீது என்கிற மீனவர் தன் படகில் இருவரையும் ஏற்றிக்கொண்டார். சாமின் கம்பெனியில் காவலுக்கு இருப்பவரின் மைத்துனர். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, சாமின் முகத்தைப் பார்த்ததுமே, வாந்தி வந்தால் காற்றடிக்கிற பக்கம் திரும்பாதே என்று மட்டும் எச்சரித்தார்.

கடலில் கேமராவை நிறுத்தி வைக்கிற முக்காலி உதவவில்லை. ஜெசிந்தா காலை அகட்டி நின்றாள், சாம் மண்டியிட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு அலைக்கும் கேமரா சாய்ந்தது. கரையில் சவுக்குத் தோப்பின் மேலே சூரியன் பழுத்துச் சிவந்து இறங்கியது. நடுக்கம் இல்லாமல் இருக்கட்டும் என்று தாவீது இன்ஜினை நிறுத்தினார். நிறுத்தியதும் படகு தொட்டிலாக ஆடத் தொடங்கியது. சாம் பிடியை விட்டான், நான்கு காலில் முன்பக்கம் போய், இரண்டு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு கடலுக்குத் தலையைக் கொடுத்தான்.

சூரியனில் விளிம்பு மட்டும் பாக்கி இருந்தது. அவ்வளவுதானே, கிளம்பலாமா என்று தாவீது கேட்டார். இனிமேல்தான் நிறமே வரும், கொஞ்சம் இருங்கள் என்றாள் ஜெசிந்தா. சாமின் குடல் வாய்க்கு வந்துகொண்டிருந்தது. பின்னால் கேமரா விடாமல் சொடுக்கிக்கொண்டிருந்தது. புருஷன் சாகிறான், இவள் படம் எடுக்கிறாள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. சொடுக்குகிற சத்தம் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையும் கூடவே வந்தது.

வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு படத்தில் கடல் இடது பக்கம் கொட்டியது, அடுத்ததில் வலது பக்கம். மீதியெல்லாம் கலங்கல். ஒன்றே ஒன்று நேராக நின்றது. தோப்புக்குப் பின்னால் கடைசிக் கீற்றுச் சூரியன், ஆரஞ்சும் ரோஜாவுமாக வானம், அதே நிறத்தில் தண்ணீர், முன்னால் கறுத்த உருவமாக, தலை கவிழ்ந்து மண்டியிட்ட ஒரு மனிதன். உன்னை அசிங்கப்படுத்தி எனக்குப் பெயர் வேண்டாம் என்றாள் அவள். கொடு, பார்த்துக்கலாம் என்றான் சாம்.

கமிட்டியில் படம் திரையில் விழுந்தது. ஆபிரகாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கடல் நடுவுல ஜெபம் பண்றது யாரு?" என்று பாஸ்டர் எழுந்து நின்று கேட்டார்.

ஜெசிந்தாவின் முகத்தைச் சாம் பார்த்தான். உதயத்தை அஸ்தமனமாக்க மறுத்தவள் இதற்கு மட்டும் தலையாட்டுவாளா? அவள் வாயைத் திறந்தால் சுவிட்சர்லாந்து மலை திரும்ப வந்துவிடும். அவசரமாக எழுந்தான்.

"நான்தான் ஐயா. ஒரு படமாச்சும் அவளுக்கு நேரா வுழணும்னு கேட்டுக்கினு இருந்தேன். அப்பாலதான் என்னக் கரை சேருன்னு கேட்டேன்."

பொய் இல்லை. இரண்டு ஓங்கரிப்புக்கு நடுவே அவன் இரண்டையும்தான் கேட்டிருந்தான், வரிசை மட்டும் முன்பின்னாக இருந்தது. ஜெசிந்தாவுக்கு இது புதுச் செய்தி. அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் எழுந்தாள்.

"வாந்தியும் எடுத்துக்கினு இருந்தாரு ஐயா. ரெண்டும்தான்."

பாஸ்டர்தான் முதலில் குலுங்கிச் சிரித்தார். கோவளத்தில் படகேறிய நாளில் தானும் இப்படித்தான் ஜெபித்ததாகச் சொன்னார். பிறகு சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. படத்துக்கு எதிராக ஒரு கையும் உயரவில்லை.

காலண்டர் வந்த அன்று ஜெசிந்தா அட்டையில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். உள்ளறையில் மாட்டக் கூடாதா என்று சாம் கெஞ்சினான். முடியாது என்று சொல்லிவிட்டு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் அவனும் படத்தை நிதானமாகப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. வாந்தி எடுத்ததற்காக ஒரு மனுஷன் பெருமைப்பட முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.