எம்னா எடுத்த படங்கள்

துனிசியக் கடலோர ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில், பழைய இயக்குநர் ஷாத்லி கேட்டுக்கொண்டதால், எம்னா விடுமுறை நாளெல்லாம் வண்ணக் கல் பதித்த பழங்கால மொசைக் தரைகளைப் படமெடுத்து இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் ஏற்றினாள். புதிதாக வந்த இயக்குநர், எல்லாம் திருட்டுப் படங்கள் என்று புகார் எழுதினார். களஞ்சியத்தார் அத்தனையையும் நீக்கிவிட்டார்கள்.

எம்னா புது இயக்குநரிடம் நேரில் போய்க் கேட்டாள். "ஷாத்லி ஐயா வாய் நிறைய சரின்னாரே?"

"வாயால சொன்னது செல்லாதும்மா. எழுத்துல இருக்கா?"

அவர் மேசையில் அருங்காட்சியகத்தின் புதுப் புத்தகம் கிடந்தது. அட்டையில் அவள் எடுத்த மீன் மொசைக் படம். அவள் பெயர் எங்குமில்லை.

"இது நான் எடுத்த படம்."

"இருக்கட்டுமே. தரை எங்களோடதுதானே? வேணும்னா ஒண்ணு வாங்கிக்கோ, வெளியில விக்கிறாங்க."

எம்னா வெளியே வந்தாள். அதற்குப் பிறகு களஞ்சியத்தில் அவள் ஒரு படம்கூட ஏற்றவில்லை.